சர்வதேச வணிக மேலாண்மை: எல்லைக்கோட்டைத் தாண்டினால் என்ன மாறுகிறது?

சர்வதேச வணிக மேலாண்மையில் இளங்கலை படிக்கிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், மூன்றில் ஒரு பதில் வரும். "ஓ, ஏற்றுமதி இறக்குமதியா?" "அப்போ வெளிநாட்டில் வேலை உறுதி." "பிபிஏதானே, பெயரை மட்டும் பெரிதாக வைத்திருக்கிறார்கள்." மூன்றிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் எத்தனை முறை மறுத்தாலும் மூன்றும் போகமாட்டேன் என்கின்றன. சேர வருகிற மாணவர்களே இவற்றில் ஒன்றை நம்பிக்கொண்டுதான் வருகிறார்கள். நான் இரண்டாவதை நம்பி வந்தவன். முதல் வருடம் முழுக்கக் கணக்குப்பதிவியலும் புள்ளியியலுமாகப் போனபோது வகுப்பு மாறி உட்கார்ந்துவிட்டோமோ என்று சந்தேகமே வந்துவிட்டது.

சரி, இந்தப் படிப்பு எதைப் பற்றியது? ஒரு வியாபாரம் நாட்டு எல்லையைத் தாண்டும்போது என்னென்ன மாறுகிறது, மாறியதை எப்படிச் சமாளிப்பது. இவ்வளவுதான். எல்லை என்று ஒன்று இல்லாவிட்டால் சாதாரண வணிக மேலாண்மையே போதும், இந்தப் படிப்புக்கு வேலையே இல்லை.

## ஒரு பழைய போன், வாங்க வரும் மூன்று பேர்

உங்களிடம் ஒரு பழைய போன் இருக்கிறது, விற்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினால் ஐந்து நிமிட வேலை. திருப்பித் திருப்பிப் பார்ப்பார், பணத்தைக் கையில் கொடுப்பார், எடுத்துக்கொண்டு போவார். அடுத்த வாரம் பேட்டரி உப்பிவிட்டால் கதவைத் தட்டுவார். எல்லாமே முகம் பார்த்து முடிகிற விஷயம்.

அதே போனை வேறு ஊரில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவர் இணையத்தில் பார்த்துவிட்டுக் கேட்கிறார். இப்போது ஒரு சங்கடம். நீங்கள் முதலில் போனை அனுப்பினால் அவர் பணம் தராமல் இருக்கலாம். அவர் முதலில் பணம் போட்டால் நீங்கள் காணாமல் போகலாம். கூரியரில் உடைந்தால் நஷ்டம் யாருக்கு என்று வேறு பேசிக்கொள்ள வேண்டும். இருந்தாலும் பணம் ஒன்றுதான், சட்டம் ஒன்றுதான், ஏமாற்றினால் போய்ப் புகார் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது.

மூன்றாவது ஆள் வேறு நாட்டுக்காரர். மேலே சொன்ன சங்கடங்கள் அப்படியே இருக்கின்றன, அவற்றோடு புதிதாகச் சிலவும் வந்து சேர்கின்றன. அவர் கையில் இருப்பது வேறு பணம், பேசி முடித்த நாளுக்கும் பணம் வந்து சேரும் நாளுக்கும் நடுவில் அதன் மதிப்பு ஏறும் இறங்கும். பெட்டியைப் பிரித்துப் பார்த்துச் சுங்கத்துறை வரி போடும். தகராறு வந்தால் எந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போவது? அவர் மின்னஞ்சலில் "பார்க்கலாம்" என்று எழுதினால் அது சம்மதமா, மரியாதையாகச் சொன்ன மறுப்பா?

ஆக, நான்கு இடைவெளிகள்: நம்பிக்கை, பணம், அரசு, ஆட்கள். பாடங்களின் பெயர்கள் என்னவாக இருந்தாலும், எந்தப் பாடத்தைத் தோண்டினாலும் அடியில் இவற்றில் ஒன்றாவது கிடக்கும். இந்தப் பிரிப்பு என் வசதிக்காக நான் செய்துகொண்டது. வகுப்பில், மேலாண்மை அறிஞர் பங்கஜ் கெமாவத் 2001 இல் முன்வைத்த பிரிப்பைச் சொல்லிக்கொடுப்பார்கள். பண்பாடு, நிர்வாகம், புவியியல், பொருளாதாரம் என நான்கு வகை 'தூரங்கள்' அதில் உண்டு.

## இவ்வளவு தொல்லை இருந்தும் எதற்காகத் தாண்டுகிறார்கள்?

இங்கே விலை குறைவு, அங்கே விலை அதிகம், அதனால் விற்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு அடியில் ஒரு கருத்து இருக்கிறது. பொருளாதாரத்தில் இதைப் போலத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுகிற வேறு கருத்து இருக்குமா என்று தெரியவில்லை.

ஓர் அலுவலகத்தில் இரண்டு பேர். மூத்தவர் ஓர் அறிக்கையை 2 மணி நேரத்தில் எழுதுவார், ஒரு தொகுப்பு ஸ்லைடுகளை 1 மணி நேரத்தில் முடிப்பார். புதிதாக வந்தவருக்கு அறிக்கைக்கு 6 மணி நேரம், ஸ்லைடுகளுக்கு ஒன்றரை மணி நேரம். இரண்டு வேலையிலும் மூத்தவரே கெட்டிக்காரர். அப்படியென்றால் அவருக்குப் புதியவரிடம் வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை என்றுதானே தோன்றும்?

இப்படி ஒரு பண்டமாற்று செய்து பாருங்கள்: மூத்தவர் ஓர் அறிக்கை எழுதித் தருவார், பதிலுக்குப் புதியவர் மூன்று தொகுப்பு ஸ்லைடுகள் செய்து தருவார். மூத்தவர் 2 மணி நேரம் செலவழித்து, தானே செய்திருந்தால் 3 மணி நேரம் பிடித்திருக்கும் ஸ்லைடுகளைப் பெறுகிறார். புதியவர் நாலரை மணி நேரம் உழைத்து, தனக்கு 6 மணி நேரம் ஆகியிருக்கும் அறிக்கையைப் பெறுகிறார். இருவருக்குமே நேரம் மிச்சம். இங்கே யார் வேகம் என்ற கேள்வியே வரவில்லை. ஒன்றைச் செய்வதற்காக எதை, எவ்வளவு கைவிட வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்தோம். அப்படிக் கைவிடுவதற்குப் பெயர் வாய்ப்புச் செலவு. எந்த வேலையில் நமக்கு வாய்ப்புச் செலவு அடுத்தவரைவிடக் குறைவோ, அதில் நமக்கு இருப்பது ஒப்பீட்டு அனுகூலம்.

பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ இதை 1817 இல் இங்கிலாந்தையும் போர்ச்சுகலையும் வைத்து விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட கணக்கில் ஒரு குறிப்பிட்ட அளவு துணிக்கு இங்கிலாந்தில் 100 பேருடைய ஓராண்டு உழைப்பு வேண்டும், போர்ச்சுகலில் 90 பேர் போதும். வைனுக்கு இங்கிலாந்தில் 120, போர்ச்சுகலில் 80. இரண்டிலும் போர்ச்சுகல்தான் முன்னால் நிற்கிறது, இருந்தும் அது வைனை மட்டும் செய்து துணியை இங்கிலாந்திடம் வாங்கினால் இருவருக்கும் லாபம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நாடு மொத்தமாக லாபம் அடைகிறது என்று சொன்னால் அந்த நாட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் லாபம் அடைகிறார்கள் என்று அர்த்தம் இல்லை. போர்ச்சுகலின் நெசவாளி தறியை விட்டுவிட்டு மறுநாளே திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விட முடியாது. வர்த்தகம் பற்றிய அரசியல் சண்டைகளில் பெரும்பாதி இந்த ஓட்டையிலிருந்துதான் வருகிறது.

## நம்பிக்கை: வங்கி பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை

போன் விற்ற கதைக்குத் திரும்புவோம், அதை 5,000 பருத்திச் சட்டைகள் என்று கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்வோம். வாங்குபவர் கடல் தாண்டி இருக்கிறார். யார் முதலில் கை நீட்டுவது?

அறிமுகம் இல்லாத இரண்டு பேர் பந்தயம் கட்டும்போது பணத்தை இருவருக்கும் தெரிந்த மூன்றாவது ஆளிடம் கொடுத்து வைப்பார்கள் இல்லையா, வணிகத்தில் அந்த மூன்றாவது ஆள் வங்கி. அது தருகிற வாக்குறுதிக்கு லெட்டர் ஆஃப் கிரெடிட் என்று பெயர், புழக்கத்தில் எல்சி. வாங்குபவர் தன் வங்கிக்குப் போய் எல்சி திறக்கச் சொல்கிறார். அந்த வங்கி விற்பவருக்குச் சொல்வது இது: "இந்த இந்த ஆவணங்களை இந்தத் தேதிக்குள் கொண்டுவாருங்கள், அவை நான் கேட்டபடி இருந்தால் பணத்தை நானே தருகிறேன். வாங்குபவர் கையை விரித்தாலும் பரவாயில்லை."

அந்த ஆவணங்களில் முக்கியமானது பில் ஆஃப் லேடிங். கப்பல் நிறுவனம் சரக்கை ஏற்றிக்கொண்டு கொடுக்கும் தாள் அது. அதை வெறும் ரசீது என்று நினைத்துவிடக் கூடாது. வழக்கமான வடிவத்தில் அதன் அசல் பிரதி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் துறைமுகத்தில் சரக்கை எடுக்க முடியும். இப்போது வட்டம் எப்படி மூடுகிறது பாருங்கள். விற்பவர் சரக்கை ஏற்றி, அந்தத் தாளை வாங்கி, மற்ற ஆவணங்களோடு வங்கியில் கொடுக்கிறார். வங்கி சரிபார்த்துப் பணம் தருகிறது. வாங்குபவர் வங்கியில் கணக்கைத் தீர்த்துவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகிறார். ஒருவரை ஒருவர் கடைசி வரை நம்ப வேண்டிய அவசியமே வரவில்லை, வங்கிகளை நம்பினால் போதும்.

இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டும். பெட்டியைத் திறந்து எந்த வங்கியும் சட்டையை எண்ணுவதில்லை, அது அதன் வேலையும் அல்ல. பாரிஸில் இருக்கும் சர்வதேச வணிக மன்றம் எல்சிக்கென்று வெளியிட்டிருக்கும் விதித்தொகுப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது. 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் அந்தப் பதிப்பை யூ.சி.பி. 600 என்பார்கள். எல்சியில் "பருத்திச் சட்டை" என்று இருந்து, இன்வாய்ஸில் நீங்கள் "ஆண்கள் ஆடை" என்று எழுதிவிட்டால், சட்டைகள் எவ்வளவு தரமாக இருந்தாலும் வங்கி ஆவணத்தைத் திருப்பி அனுப்பலாம். சரிபார்க்க அதற்கு அதிகபட்சம் 5 வங்கி வேலை நாட்கள். இப்படி வருகிற பொருத்தமின்மையைத் தொழிலில் டிஸ்கிரெபன்சி என்கிறார்கள், அந்த வார்த்தையைக் கேட்டாலே ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். மறுபக்கமும் உண்டு: பெட்டிக்குள் கல்லை அடைத்து அனுப்பிவிட்டு ஆவணங்களைப் பிசிறில்லாமல் கொடுத்தால், மோசடி என்று நிரூபித்து முன்கூட்டியே நீதிமன்றத் தடை வாங்காத வரை வங்கி பணம் கொடுத்துவிடும்.

அடுத்து, வழியில் சரக்கு நனைந்தாலோ கடலில் போனாலோ நஷ்டம் யார் தலையில் விழும்? இதற்கும் அதே மன்றம் 1936 முதல் சுருக்கச் சொற்களின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டு வருகிறது. பெயர் இன்கோடெர்ம்ஸ். 2020 பதிப்பில் 11 சொற்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் இங்கே அடுக்கப் போவதில்லை. இரண்டு போதும். எஃப்.ஓ.பி. என்றால் புறப்படும் துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏறும் வரை பொறுப்பு விற்பவருடையது, அப்புறம் வாங்குபவருடையது. சி.ஐ.எஃப். என்றால் போய்ச்சேரும் துறைமுகம் வரை கப்பல் கூலியும் காப்பீட்டுச் செலவும் விற்பவருடையது.

"அப்படியானால் சி.ஐ.எஃப்.பில் அங்கே போய்ச் சேரும்வரை சரக்கு விற்பவருடைய பொறுப்பு" என்றுதான் தேர்வில் பாதிப் பேர் எழுதுவார்கள். தப்பு. செலவுதான் அவருடையது. ஆபத்து, எஃப்.ஓ.பி.யில் போலவே, புறப்படும் துறைமுகத்தில் ஏற்றியவுடனேயே வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. நடுக்கடலில் ஏதாவது ஆனால் வாங்குபவர்தான் அந்தக் காப்பீட்டை வைத்து இழப்பீடு கேட்க வேண்டும். செலவு மாறும் இடமும் ஆபத்து மாறும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது மண்டையில் ஏறிவிட்டால் மிச்சம் இருக்கும் 9 சொற்களும் சுலபம்.

சுருக்கமாக: எல்சி "யார் முதலில்" என்ற சிக்கலையும், இன்கோடெர்ம்ஸ் "நஷ்டம் யாருக்கு" என்ற சிக்கலையும் கவனித்துக்கொள்கின்றன. சரக்கின் தரத்துக்கு இரண்டுமே பொறுப்பில்லை, அதற்கு ஒப்பந்தமும் ஆய்வுச் சான்றிதழும் தனியாக வேண்டும்.

## பணம்: லாபம் வந்தது, ஆனால் வரவில்லை

கணக்கை எளிதாக வைத்துக்கொள்வோம். 1,00,000 டாலருக்கு ஒப்பந்தம், மூன்று மாதம் கழித்துப் பணம் வரும். இன்று ஒரு டாலருக்கு உங்கள் நாட்டுப் பணம் 10. ஆக வர வேண்டியது 10 லட்சம். செலவு 9 லட்சத்து 40 ஆயிரம். லாபம் 60 ஆயிரம் என்று எழுதி வைத்துவிட்டீர்கள்.

மூன்று மாதம் ஆகிறது. வாங்குபவர் நாணயமானவர், சொன்ன தேதியில் 1,00,000 டாலரையும் அனுப்பிவிட்டார். ஆனால் அன்று ஒரு டாலர் 9.3 ஆக இறங்கியிருக்கிறது. கைக்கு வந்தது 9 லட்சத்து 30 ஆயிரம். சட்டையில் குறை இல்லை, வாங்குபவர் ஏமாற்றவில்லை, நீங்களும் எந்தத் தவறும் செய்யவில்லை, ஆனாலும் 10 ஆயிரம் நஷ்டம். இதுதான் நாணய மாற்று ஆபத்து.

தப்பிக்க ஒரு வழி, ஒப்பந்தம் போட்ட நாளிலேயே வங்கியிடம் போய், "மூன்று மாதம் கழித்து 1,00,000 டாலர் தருகிறேன், இன்றைக்கே ஒரு விலை சொல்லுங்கள்" என்று கேட்பது. வங்கி 9.9 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு டாலர் 9.3க்குப் போனாலும் 11க்குப் போனாலும் உங்களுக்கு 9 லட்சத்து 90 ஆயிரம், அதாவது 50 ஆயிரம் லாபம். இப்படி விலையைப் பூட்டி வைப்பது ஃபார்வர்டு ஒப்பந்தம். இந்த மாதிரித் தற்காப்பு நடவடிக்கைகளுக்குப் பொதுப் பெயர் ஹெட்ஜிங்.

வங்கி ஏன் 9.9 என்றது? டாலர் இறங்கும் என்று அது கணித்துவிட்டதா? பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இல்லை. ஃபார்வர்டு விலை முக்கியமாக இரண்டு நாட்டு வட்டி விகிதங்களின் வித்தியாசத்திலிருந்து வருகிறது. இந்த உதாரணத்தில் டாலருக்குக் கிடைக்கும் வட்டி உங்கள் பணத்துக்குக் கிடைப்பதைவிட அதிகம், அதனால் எதிர்கால டாலர் கொஞ்சம் மலிவு. வித்தியாசம் தலைகீழாக இருந்தால் 10.1 என்று சொல்லியிருக்கும். ஜோசியத்துக்கு இங்கே இடமில்லை.

இன்னொன்று. ஹெட்ஜிங் செய்தவர் டாலர் 11க்கு ஏறிய நாளில் "ஐயோ, ஒரு லட்சத்துக்கு மேல் போச்சே" என்று புலம்புவார். வீட்டில் தீ பிடிக்கவில்லையே என்று தீ விபத்துக் காப்பீட்டுக்குக் கட்டிய பணத்தை நினைத்து அழுவது மாதிரிதான் அது. சட்டை விற்கிறவர் சட்டையில் சம்பாதிக்க வேண்டும், நாணயச் சூதாட்டம் அவர் தொழில் அல்ல.

## அரசு: அது பொம்மையா, விளையாட்டுப் பொருளா?

எல்லையில் நிற்கும் அரசு முதலில் கேட்பது "இது என்ன?" நூலகத்தில் புத்தகத்துக்கு எண் போடுவது போல, உலகில் வணிகமாகும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. உலகச் சுங்க அமைப்பு பராமரிக்கும் இந்த எண் முறை 1988 இல் நடைமுறைக்கு வந்தது. ஹெச்.எஸ். கோடு என்பார்கள். முதல் 6 இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் பொது, அதற்கு மேல் அந்தந்த நாடு தன் வசதிக்குச் சேர்த்துக்கொள்ளும். வரி எவ்வளவு என்பதை அந்த எண் தீர்மானிக்கிறது.

கேட்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. எக்ஸ்-மென் என்ற அமெரிக்கச் சித்திரக்கதைப் பாத்திரங்களின் உருவங்களை இறக்குமதி செய்த டாய் பிஸ் என்ற நிறுவனம், அவற்றைப் 'பொம்மை' என்ற வகையில் சேர்க்கக் கூடாது, 'விளையாட்டுப் பொருள்' என்ற வகையில் சேர்க்க வேண்டும் என்று வாதாடியது. அந்தக் காலத்து விதிப்படி பொம்மை என்றால் மனித உருவம், வரி 12 சதவீதம். மனிதன் அல்லாத உருவம் என்றால் விளையாட்டுப் பொருள், வரி 6.8 சதவீதம். ஆக, எக்ஸ்-மென்கள் மனிதர்களா இல்லையா என்று நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. 2003 இல், அவை மனிதர்கள் அல்ல என்று தீர்ப்பு வந்தது. நாங்களும் மனிதர்கள்தான் என்று அந்தப் பாத்திரங்கள் கதை முழுக்கப் போராடுவது தனி விஷயம்.

அரசுகள் தங்களுக்குள் வைத்திருக்கும் விதிகளும் பாடத்தில் வரும். 1947 இல் கையெழுத்தான காட் என்ற வர்த்தக ஒப்பந்தம், அதன் தொடர்ச்சியாக 1995 ஜனவரி 1 அன்று தொடங்கி ஜெனீவாவில் இயங்கும் உலக வர்த்தக அமைப்பு. இவற்றின் அடிப்படை விதி ஒன்றின் பெயரே ஆளைக் குழப்பும்: 'மிகவும் விருப்பமான நாடு'. ஏதோ செல்லப்பிள்ளைக்குத் தரும் சலுகை போலத் தெரிகிறது, பொருள் நேர்மாறு. ஓர் உறுப்பு நாட்டுக்கு வரியைக் குறைத்தால் மற்ற எல்லா உறுப்பு நாடுகளுக்கும் குறைக்க வேண்டும், யாரும் தனிச்செல்லம் இல்லை. தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்கள் இந்த விதிக்கு அனுமதிக்கப்பட்ட பெரிய விதிவிலக்கு.

## அனுப்புவதோடு கதை முடிவதில்லை

"ஏற்றுமதி இறக்குமதி படிப்பு" என்று சொல்கிறவர்கள் கோட்டைவிடுவது இந்தப் பகுதியைத்தான். இரண்டாம் ஆண்டுக்கு மேல் பாடத்தின் பெரும்பகுதி, ஒரு நிறுவனம் இன்னொரு நாட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதைப் பற்றியது.

புது ஊருக்குப் போகிறீர்கள். நாலு நாள் என்றால் விடுதி, ஒரு வருடம் என்றால் வாடகை வீடு, நண்பரோடு சேர்ந்து எடுத்தால் பங்கு வீடு, அங்கேயே இருந்துவிடுவது என்றால் சொந்த வீடு. வரிசையில் போகப் போக செலவு கூடும், சுதந்திரம் கூடும், பிடிக்காவிட்டால் காலி செய்வது கஷ்டமாகும். நிறுவனங்களுக்கும் இதே ஏணிதான். பொருளை மட்டும் அனுப்புவது ஏற்றுமதி. தன் காப்புரிமையையோ பெயரையோ உள்ளூர்க்காரருக்குக் கட்டணத்துக்கு விடுவது உரிமம். உள்ளூர் நிறுவனத்தோடு சேர்ந்து புதிதாக ஒரு நிறுவனம் தொடங்குவது கூட்டு முயற்சி. முழுக்கத் தனக்கே சொந்தமாக ஆலையோ கடையோ போடுவது துணை நிறுவனம். கடைசி இரண்டும் அந்நிய நேரடி முதலீட்டில் சேரும். புள்ளிவிவரக் கணக்கில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் வாக்குரிமையில் குறைந்தது 10 சதவீதம் கையில் இருந்தால் அது நேரடி முதலீடு.

கூட்டு முயற்சிக்கு நும்மி என்ற கார் ஆலையைப் பார்க்கலாம். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982 இல் மூடிய ஆலையை, 1984 இல் அதுவும் டொயோட்டாவும் சேர்ந்து மறுபடி இயக்கின. ஜெனரல் மோட்டார்ஸுக்கு டொயோட்டாவின் உற்பத்தி முறையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். டொயோட்டாவுக்கு அமெரிக்கத் தொழிலாளர்களையும் உதிரிப்பாகத் தயாரிப்பாளர்களையும் வைத்துத் தன் முறை ஓடுமா என்று பெரிய ஆபத்து இல்லாமல் சோதித்துப் பார்க்க வேண்டும். பழைய ஆலையில் வேலை செய்த தொழிலாளர்களில் பலரையே திரும்ப எடுத்தார்கள், கார்களின் தரம் கிடுகிடுவென்று உயர்ந்தது. 2010 இல் நும்மி மூடப்பட்டு, அதே வருடம் அந்த இடம் டெஸ்லாவுக்குப் போனது. இரண்டு பேரும் கற்றுக்கொள்ளத்தான் வந்தார்கள், ஆனால் டொயோட்டா கற்றதை வேகமாகத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனது, ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஓர் ஆலையில் பார்த்ததை மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோகவே வருடக்கணக்கில் ஆனது. கூட்டு முயற்சியில் பங்கு விகிதத்தைவிட இந்த வேக வித்தியாசம்தான் பல நேரம் விளையாடுகிறது என்பது என் கருத்து.

## ஆட்கள்: புன்னகையின் மேல் போட்ட பழி

பண்பாடு பற்றிய பாடம் மாணவர்களுக்குப் பிடித்தது, ஏனென்றால் கணக்கு இல்லை. அதே காரணத்தால் அதிகம் உளறப்படுவதும் இதுதான்.

சமூக உளவியலாளர் கேர்ட் ஹோஃப்ஸ்டெட், ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை எடுத்த கருத்துக்கணிப்புகளை ஆராய்ந்து, 1980 இல் நாடுகளின் பண்பாட்டை எண்களாக ஒப்பிட ஒரு முறையைத் தந்தார். அதிகார இடைவெளி என்பது அவற்றில் ஒன்று: மேலதிகாரிக்கும் கீழே இருப்பவர்களுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை மக்கள் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்ற அளவு. பயனுள்ள கருவிதான். ஆனால் அது சராசரி. ஒரு வகுப்பின் சராசரி உயரம் தெரிந்தால் மூன்றாவது பெஞ்சில் இருப்பவரின் உயரம் தெரிந்துவிடுமா? "அந்த நாட்டின் எண் 80, ஆகவே அந்த மேலாளர் எதிர்த்துப் பேசமாட்டார்" என்று எழுதினால் நல்ல ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைப்பார்.

ஒரு வியாபாரம் தோற்றால் பண்பாட்டின் மேல் பழி போடுவது சுலபம். வால்மார்ட் 1997 இல் ஜெர்மனிக்குள் நுழைந்து, 2006 இல் கடைகளை மெட்ரோ நிறுவனத்திடம் விற்றுவிட்டு வெளியேறியது. ஊழியர்கள் சிரித்து வரவேற்றது ஜெர்மானியர்களுக்குப் பிடிக்கவில்லை, அதனால் தோற்றது என்று கதை சொல்வார்கள். சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். ஆல்டி, லிடில் போன்ற மலிவு விலைக் கடைகள் அங்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்தன, 'தினமும் குறைந்த விலை' அவர்களுக்குப் புதிதல்ல. அடக்க விலைக்குக் கீழே சில பொருட்களை விற்றதற்காக 2000 இல் ஜெர்மனியின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு வால்மார்ட்டையும் போட்டியாளர்களையும் விலையை உயர்த்தச் சொன்னது. கடை திறக்கும் நேரத்துக்கும் சட்டக் கட்டுப்பாடு. இவற்றில் பாதி அரசு இடைவெளி, பாதி சாதாரணப் போட்டி. கதையாகச் சொல்லச் சிரிப்புதான் சுவாரசியம், அதனால் அதுவே நிலைத்துவிட்டது.

## சரி, வகுப்பில் எப்படி நடக்கும்?

இளங்கலை என்பது நாட்டைப் பொறுத்து 3 அல்லது 4 வருடம். ஐரோப்பிய முறையில் 180 முதல் 240 இ.சி.டி.எஸ். கிரெடிட், ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வீட்டில் படிப்பு, தேர்வு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. முதல் வருடம் எனக்கு நடந்ததுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கும்: பொருளாதாரம், கணக்குப்பதிவியல், புள்ளியியல், சந்தைப்படுத்தல். பிபிஏ மாணவரோடு ஒரே அறையில் உட்கார்ந்திருப்பீர்கள், அந்த வருடத்துக்கு மட்டும் மூன்றாவது பதில்காரர் சொன்னது சரி. அப்புறம் சர்வதேச வர்த்தகம், சர்வதேச நிதி, ஒப்பந்தச் சட்டம், விநியோகச் சங்கிலி, பண்பாடு கடந்த மேலாண்மை. நடுவில் ஓர் அந்நிய மொழி, பல இடங்களில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் அல்லது பயிற்சிப் பணி. கடைசியில் வியூகம், ஆய்வறிக்கை.

சர்வதேச உறவுகள் என்ற படிப்போடு இதைக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. அதில் கதாநாயகன் அரசு, இதில் நிறுவனம். வரி உயர்ந்தால் அவர்கள் ஏன் உயர்ந்தது என்று கேட்பார்கள், நாம் உயர்ந்துவிட்டது, இனி ஆலையை எங்கே வைப்பது என்று கேட்போம்.

வேலை? வெளிநாட்டில் வேலை செய்ய அனுமதி தருவது அந்த நாட்டின் விசாச் சட்டம், பட்டத்தின் பெயரில் இருக்கும் 'சர்வதேச' என்ற சொல் அல்ல. இதைப் படித்தவர்களில் பலர் சொந்த ஊரில் உட்கார்ந்துகொண்டே எல்சி ஆவணங்களையும் சரக்குப் போக்குவரத்தையும் கொள்முதலையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வேலைதான் எல்லை தாண்டுகிறது.

சேருவதற்கு முன்னால் பாடத்திட்டத்தை வரி வரியாகப் படியுங்கள். சர்வதேச நிதி கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா? அந்நிய மொழி எத்தனை செமஸ்டர்? வெளிநாட்டு செமஸ்டர் எல்லோருக்குமா, மதிப்பெண் அதிகம் வாங்கிய ஒருசிலருக்கு மட்டுமா, அங்கே வாங்கும் கிரெடிட் இங்கே கணக்கில் சேருமா? பட்டத்தை உங்கள் நாட்டில் அங்கீகரிக்கிறார்களா? ஏ.ஏ.சி.எஸ்.பி., ஈக்விஸ் போன்ற வணிகப் பள்ளி அங்கீகாரங்கள் இருந்தால் நல்லது, ஆனால் அவை அரசு அங்கீகாரத்துக்கு மாற்று அல்ல. இவை எல்லாம் கல்லூரிக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் இருக்கும். நான் அட்டையில் இருந்த விமானத்தின் படத்தைப் பார்த்துவிட்டு நேராக விண்ணப்பப் படிவத்துக்குப் போய்விட்டேன்.